30,000 ரூபாய்க்கு ஒரு கணினி: டேப்லெட்டா, மடிக்கணினியா?

டேப்லெட்டும் மடிக்கணினியும் உள்ளே ஒரே உறுப்புகளால் ஆனவை. கணக்கிடும் சில்லு, தற்காலிக நினைவகமான ரேம், கோப்புகள் தங்கும் சேமிப்பகம், திரை, பேட்டரி, இவற்றையெல்லாம் ஆளும் இயங்குதளம் ஆகிய ஆறும் இரண்டிலும் உண்டு. விலை உயர்ந்த கருவிகளில் ஆறுமே நன்றாக அமைந்துவிடும். அங்கே தேர்வு பெரும்பாலும் விருப்பத்தைப் பொறுத்தது. 15,000 ரூபாய்க்கும் 35,000 ரூபாய்க்கும் இடைப்பட்ட விலையில் நிலைமை வேறு. அந்த விலைக்குள் அடக்குவதற்காகத் தயாரிப்பாளர் ஆறில் இரண்டு மூன்றையாவது குறைத்தே ஆக வேண்டும். டேப்லெட்டில் குறைவது ஒன்று, மடிக்கணினியில் குறைவது வேறொன்று. எது குறைக்கப்பட்டிருக்கிறது, அந்தக் குறை வாங்குபவரின் வேலையில் கை வைக்குமா என்று பார்ப்பதே குறைந்த செலவில் கணினி வாங்கும் வழி.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி அரசின் நிதிநிலை அறிக்கையிலேயே இடம்பெற்றது. 2025 மார்ச்சில் தாக்கலான அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் டேப்லெட்டோ மடிக்கணினியோ அவரவர் விருப்பப்படி வழங்கப்படும் என்று அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இதற்கு முன்பும் இவ்விரு கருவிகளும் இந்தியாவில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டன. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தன் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று வாரத்துக்குள், அக்டோபர் 5 அன்று, மத்திய அரசு மாணவர்களுக்கான ‘ஆகாஷ்’ டேப்லெட்டை டெல்லியில் வெளியிட்டது. முதல் ஆகாஷில் 366 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 256 எம்பி ரேம், விரலால் அழுத்தினால் மட்டுமே உணரும் 7 அங்குலத் திரை ஆகியவை இருந்தன. இணையப் பக்கம் ஒன்றைத் திறப்பதே அதற்குப் பெரும்பாடு. அடுத்த ஆண்டே அதை விட்டுவிட்டு, வேகமான சில்லும் தொட்டாலே உணரும் திரையும் கொண்ட ஆகாஷ் 2 கொண்டுவரப்பட்டது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட தமிழ்நாட்டு மடிக்கணினியோ, சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகாஷ் டேப்லெட் என்பதால் தோற்கவில்லை. தன் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச வலுவுக்கும் கீழே அதன் விலை இறக்கப்பட்டதால் தோற்றது. இன்றைய மலிவுக் கருவிகளில் சிலவும் அதே குழியில்தான் இருக்கின்றன.

இவ்விரு கருவிகளுக்கும் மூதாதை ஒன்றே. அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த ஆலன் கே, 1972இல் எழுதிய கட்டுரையில் ‘டைனபுக்’ என்ற கருவியை வருணித்தார். நோட்டுப் புத்தகம் போன்ற பலகை, அதிலேயே விசைப்பலகை, சிறுவர்கள் கையில் எடுத்துச் செல்லும் எடை, 500 டாலரை ஒட்டிய விலை. அன்றைய தொழில்நுட்பத்தில் அதைச் செய்ய முடியவில்லை. பின்னால் வந்த பொறியாளர்கள் அந்தக் கனவை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். விசைப்பலகைப் பக்கம் மடிக்கணினி வளர்ந்தது. பலகைப் பக்கம் வளர்ந்தது 2010 ஏப்ரலில் 499 டாலருக்கு விற்பனைக்கு வந்த ஐபேடில் மக்கள் பொருளாயிற்று.

பிரிவின் வேர் சில்லில் இருக்கிறது. பெரும்பாலான மடிக்கணினிகள் இன்டெல் 1978இல் கொண்டுவந்த 8086 சில்லின் வழிவந்த கட்டளைத் தொகுப்பில் இயங்குகின்றன. டேப்லெட்டுகளோ இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனம் 1985இல் முதன்முதலில் உருவாக்கிய ஆர்ம் சில்லின் வழிவந்தவை. முன்னது சுவரில் செருகிய மின்சாரத்தை நம்பி வளர்ந்தது. பின்னது சிக்கனத்துக்குப் பெயர்பெற்று, கைப்பேசியின் சிறிய பேட்டரியில் தன் இடத்தைப் பிடித்தது. ஒரு சாதாரண மடிக்கணினிச் சில்லின் வரையறுக்கப்பட்ட மின்நுகர்வு 15 வாட். அந்தச் சூட்டை வெளியேற்ற உள்ளே சிறு விசிறி சுழல்கிறது. டேப்லெட்டில் விசிறி கிடையாது. முதுகுத் தகடு வழியாகத்தான் வெப்பம் வெளியேற வேண்டும். எனவே சில வாட்டுக்கு மேல் அதனால் நெடுநேரம் ஓட முடியாது. சூடு ஏறியதும் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாத மதுரையில் ஒரு மணி நேரம் வீடியோ தொகுத்தால், முதல் பத்து நிமிடத்தில் இருந்த வேகம் கடைசியில் இருக்காது. படிப்பது, பார்ப்பது, பேசுவது போன்ற வேலைகள் சில்லைத் தொடர்ந்து வாட்டுவதில்லை என்பதால் அங்கே இந்தக் குறை தெரியாது.

மலிவு டேப்லெட் விளம்பரங்களில் ‘ஆக்டா கோர்’, அதாவது எட்டுக் கருக்கள், என்பது பெரிய எழுத்தில் இருக்கும். எட்டு என்ற எண்ணிக்கையில் பெருமை எதுவும் இல்லை. அவை எந்த வகைக் கருக்கள் என்பதே கேள்வி. ஆர்மின் கார்டெக்ஸ் ஏ53, ஏ55 என்பவை மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வடிவமைத்த சிறு கருக்கள். வந்த கட்டளைகளை வரிசை மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்பவை. கார்டெக்ஸ் ஏ75, ஏ76 போன்ற பெரிய கருக்கள், காத்திருக்கும் கட்டளையைத் தள்ளிவைத்துத் தயாராக உள்ளதை முதலில் முடிப்பவை. திரை விரலோடு ஒட்டி நகர்கிறதா, தயங்குகிறதா என்பதைத் தீர்மானிப்பவை இவையே. மீடியாடெக் ஹீலியோ ஜி99 சில்லில் ஏ76 இரண்டும் ஏ55 ஆறும் உள்ளன. யுனிசாக் டி606இல் ஏ75 இரண்டும் ஏ55 ஆறும். எட்டுமே ஏ53 ஆக இருக்கும் டேப்லெட்டைத் தவிர்ப்பது நல்லது. மடிக்கணினிப் பக்கமும் இதே விழிப்பு வேண்டும். செலரான் என்4020இல் இருப்பவை இரண்டே சிறு கருக்கள். 2023இல் வந்த இன்டெல் என்100, நான்கு கருக்களோடு எழுத்து வேலைக்குப் போதும். கோர் ஐ3-1215யு ஆறு கருக்கள் கொண்டது. பணம் எட்டினால் மாணவருக்கு அதுவே சரியான படி.

பேட்டரி விஷயத்தில் விற்பவர்கள் இருவேறு அளவைகளைச் சொல்வதால் ஒப்பிடுவது கடினமாகிறது. டேப்லெட்டுக்கு மில்லி ஆம்பியர்-மணி, மடிக்கணினிக்கு வாட்-மணி. முன்னதை ஆயிரத்தால் வகுத்துப் பேட்டரியின் மின்னழுத்தத்தால் பெருக்கினால் பின்னது கிடைக்கும். 8,000 மில்லி ஆம்பியர்-மணி டேப்லெட் பேட்டரியின் அழுத்தம் சுமார் 3.85 வோல்ட்; ஆகவே அதில் அடங்கியிருப்பது ஏறக்குறைய 31 வாட்-மணி. மலிவு மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் 40 வாட்-மணியை ஒட்டியது. ஆற்றல் மடிக்கணினியில்தான் அதிகம். ஆனால் டேப்லெட் படம் காட்டும்போது சுமார் 3.5 வாட்தான் எடுக்கும் என்றால் 31 வாட்-மணி ஒன்பது மணி நேரம் வரும். மடிக்கணினி 8 வாட் எடுத்தால் 40 வாட்-மணி ஐந்து மணி நேரத்தில் தீரும். டேப்லெட்டைச் சாதாரண பவர் பேங்கில் செருகி ஏற்றிக்கொள்ளலாம் என்பது மின்வெட்டு உள்ள ஊர்களில் சிறிய வசதி அல்ல.

குறைந்த விலையில் அதிகம் ஏமாற இடமிருப்பது ரேமிலும் சேமிப்பகத்திலும்தான். ரேம் எழுதும் மேசை என்றால் சேமிப்பகம் அலமாரி. மேசை சிறிதாக இருந்தால், ஒவ்வொரு புத்தகத்தையும் அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து வர வேண்டும். கணினியும் அதையே செய்கிறது: ரேம் நிரம்பியதும் பயன்பாட்டில் இல்லாத பகுதியைச் சேமிப்பகத்துக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. அந்தப் போக்குவரத்து எவ்வளவு விரைவானது என்பது சேமிப்பகத்தின் வகையைப் பொறுத்தது.

சுழலும் வன்தட்டில் காந்தமுள் ஒவ்வோர் இடத்துக்கும் நகர்ந்து போக வேண்டும். ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறை அளவில்தான் அதனால் படிக்க முடியும். எஸ்எஸ்டி எனப்படும் நினைவகச் சேமிப்பகத்தில் நகரும் பாகமே இல்லை. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். பழைய மடிக்கணினியில் வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டியதும் அது புதுப்பிறவி எடுத்ததுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். எஸ்எஸ்டியிலும் சாட்டா வகையின் இணைப்பு நொடிக்கு 600 எம்பி வரை கடத்தும்; என்விஎம்இ வகை அதைப் போலப் பல மடங்கு. மலிவுக் கருவிகளில் இவற்றுக்குப் பதிலாக வைக்கப்படுவது இஎம்எம்சி. அதன் உச்சம் நொடிக்கு 400 எம்பி. படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்காது, ஒன்று முடிந்தபின்தான் மற்றொன்று. ஓரளவு நல்ல டேப்லெட்டுகளில் உள்ள யுஎஃப்எஸ் வகை இரண்டையும் ஒருங்கே செய்யும்.

விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்திருக்கிறது. அந்தக் குறைந்தபட்சத்தை அப்படியே பிடித்துக்கொண்டு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி என்று மடிக்கணினிகள் விற்பனைக்கு வருகின்றன. அதில் விண்டோஸும் அதன் துணைக் கோப்புகளுமே 25 முதல் 30 ஜிபி வரை பிடித்துவிடும். பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்தால் இறக்க இடம் போதாது. உலாவியில் பத்துத் தாவல்களைத் திறந்ததும் ரேம் நிரம்பி, இஎம்எம்சிக்குப் போக்குவரத்து தொடங்கி, எழுத்து தட்டிய பிறகு திரையில் தோன்ற நேரம் பிடிக்கும். ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னால் கூட்டவும் முடியாது. ஏழைப் பெற்றோர் கடன் வாங்கிப் பிள்ளைக்கு வாங்கித் தரும் கருவி பெரும்பாலும் இந்த விலையில்தான் இருக்கிறது என்பதால், இதைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: இத்தகைய மடிக்கணினியைவிட அதே விலையில் ஒரு டேப்லெட் மேல். ஆண்ட்ராய்டு, பின்னணியில் உள்ள செயலிகளைத் தயங்காமல் நிறுத்திவிடும் இயங்குதளம். 4 ஜிபியில் அது தட்டுத்தடுமாறியாவது ஓடும், 6 ஜிபியில் நன்றாகவே ஓடும். விண்டோஸுக்கு 8 ஜிபி என்பதே நடைமுறைத் தொடக்கம். ‘8 ஜிபி + 8 ஜிபி’ என்று போட்டிருந்தால் இரண்டாவது எட்டு ரேம் அல்ல. சேமிப்பகத்தில் ஒதுக்கிய இடம். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

திரையை அங்குலத்தில் ஒப்பிடுவதும் தவறான எண்ணத்தைத் தரும். 10.1 அங்குல டேப்லெட் திரையின் பரப்பு சுமார் 46 சதுர அங்குலம், 15.6 அங்குல மடிக்கணினியின் பரப்பு சுமார் 104. இரண்டு மடங்குக்கும் மேல். ஆயினும் ஏ4 தாளில் அச்சிட்ட பாடப்பக்கம் ஒன்றை முழுமையாகத் திரையில் கொண்டுவந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் அதன் 5.35 அங்குல அகலத்தில் பக்கம் உண்மை அளவில் ஏறக்குறைய 65 சதவீதமாகத் தெரியும். கிடையாக நீண்ட 15.6 அங்குலத் திரையின் உயரம் 7.65 அங்குலமே என்பதால் அங்கும் முழுப்பக்கம் அதே 65 சதவீதம்தான். இருபுறமும் மிச்ச இடம் காலியாகக் கிடக்கும். புத்தகம் படிப்பதில் அரைக்கிலோ டேப்லெட், அதைப்போலச் சுமார் மூன்று மடங்கு கனமான மடிக்கணினிக்கு ஈடு என்பது இதனால்தான். அந்தக் காலியிடத்துக்குப் பயன் வருவது, ஒரு பக்கம் பாடத்தைத் திறந்து மறுபக்கம் குறிப்பு எழுதும்போது.

எழுதும்போது டேப்லெட்டின் குறை பளிச்செனத் தெரியும். கிடையாக வைத்தால் திரை விசைப்பலகையே ஏறக்குறையப் பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். விரல்களுக்கு விசையின் மேடுபள்ளம் தெரியாததால் கண் எப்போதும் விசையைத் தேட வேண்டியிருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டப் பழகியவர்கள் உண்மையான விசைகளில் வேகமாக எழுதுவார்கள்; கண்ணாடி மேல் அந்தப் பழக்கம் உதவாது. புளூடூத் விசைப்பலகை வாங்கி இணைக்கலாம். அது கூடுதல் செலவு.

பேனாவுக்கு வந்தால் டேப்லெட்டின் முறை. கணிதம், வேதியியல் வாய்பாடு, உடற்கூறுப் படம், ஓவியம் ஆகியவற்றை எலியால் வரைவது வேதனை. ஆனால் எல்லாப் பேனாவும் ஒன்றல்ல. கடைகளில் 200 ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் முனைப் பேனா, விரலின் இடத்தில் நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. கை திரையில் பட்டால் அங்கும் கோடு விழும். உண்மையான பேனா, அழுத்தத்தை அளந்து சொல்லும். உள்ளங்கையை ஒதுக்கித் தன்னை மட்டும் உணரச் செய்யும். வாக்கம் உருவாக்கிய மின்காந்த அதிர்வு முறையில் பேனாவுக்குப் பேட்டரியே தேவையில்லை. திரைக்குக் கீழுள்ள கம்பிச்சுருள்களிலிருந்து அது ஆற்றல் எடுத்துக்கொள்கிறது. சாம்சங்கின் எஸ் பேனா இந்த முறையில் இயங்குவது. பேனாவுக்காக டேப்லெட் வாங்குபவர், அந்த மாடல் இத்தகைய பேனாவை ஏற்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். மலிவு டேப்லெட்டுகளில் பெரும்பாலானவை ஏற்பதில்லை.

மென்பொருளில் விவாதத்துக்கு இடமே இல்லாத சில எல்லைகள் உண்டு. டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. சாலிட்வொர்க்ஸும் அப்படியே. ஆட்டோகேடின் முழு வடிவம் டேப்லெட்டில் இல்லை. வணிகவியல் படித்துக் கணக்கு வேலைக்குப் போக நினைப்பவர், எந்திரவியல், கட்டடவியல் மாணவர், நிரல் எழுதப் பழகுபவர் ஆகியோருக்கு மடிக்கணினிதான் என்று இத்துடன் கேள்வி முடிந்துவிடுகிறது. பைத்தான் போன்றவற்றைக் கூகுள் கோலாப் வழியாக உலாவியிலேயே எழுதிப் பார்க்க முடியும் என்பது உண்மை. ஆனால் இணையம் தடைபட்டால் பாடமும் தடைபடும். அலுவலக மென்பொருளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் வேர்டு, எக்செல் செயலிகளில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான அடிப்படைத் திருத்த வசதியை 10.1 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள திரைகளுக்கே இலவசமாக வைத்தது. அதைவிடப் பெரிய டேப்லெட் என்றால் சந்தா கேட்கும். மடிக்கணினியில் லிப்ரே ஆபீஸ் எந்த அளவுத் திரையிலும் இலவசம்.

படம் பார்ப்பதற்கென்றே டேப்லெட் வாங்குவோர் கவனிக்க வேண்டியது, படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் வைட்வைன் முறையின் சான்று. எல்1 நிலை இருந்தால் ஓடிடி தளங்களின் உயர்தெளிவுப் படம் வரும். எல்3 மட்டுமே இருந்தால், திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மங்கலான 480 புள்ளிப் படம்தான்.

விலை என்பது வாங்கும் நாளில் கொடுக்கும் தொகை மட்டும் அல்ல. அதை எத்தனை ஆண்டு பயன்படுத்த முடியும் என்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். மலிவு ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பலவற்றுக்கு ஒன்றிரண்டு பதிப்பு மேம்பாடுகளோடு ஆதரவு நின்றுவிடும். பிறகு பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத கருவியில் வங்கிச் செயலி வைத்திருப்பது நல்லதல்ல. ஐபேடுக்கு ஆதரவு நீண்டது. 2025 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமான அடிப்படை ஐபேடின் தொடக்க விலை 34,900 ரூபாய், பேனாவும் விசைப்பலகையும் தனி. மடிக்கணினிக்குத் தயாரிப்பாளர் கைவிட்டாலும் வழி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் பலவும் லினக்ஸ் போட்டதும் தொடர்ந்து உழைக்கின்றன. திருகைக் கழற்றிப் பேட்டரி, எஸ்எஸ்டி, விசைப்பலகை ஆகியவற்றை மாற்ற ஊருக்கு ஒரு கடை உண்டு. டேப்லெட்டில் திரை பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அது உடைந்தால், மாற்றும் செலவு பல நேரம் புதிய கருவியின் விலையில் பாதியைத் தொடும்.

கணக்கை ஒரே வரியில் வைத்துப் பார்க்கலாம். டேப்லெட் 18,000, உறையோடு கூடிய விசைப்பலகை 3,000, பேனா 3,000 என்று போட்டால் 24,000 ஆகிவிடுகிறது. அதன்பிறகும் கையில் இருப்பது கைப்பேசியின் இயங்குதளம்தான். இவ்விரு கருவிகளில் ஒன்றைத் தேர்வு செய்பவர்களில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஏற்கெனவே ஒரு திறன்பேசி இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. டேப்லெட் செய்யும் வேலைகளில் பெரும்பகுதியை அந்தச் சிறு திரை ஏற்கெனவே செய்கிறது. மடிக்கணினி செய்வதை அது செய்யாது. ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கல்லூரி மாணவருக்கு மடிக்கணினியே முன்னிற்க வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம். போட்டித் தேர்வுக்காக நூற்றுக்கணக்கான பிடிஎஃப் பக்கங்களைப் படிப்பவர், ஓவியம் பழகுபவர், கண் மங்கிய முதியவர், வகுப்புக் காணொளி பார்க்கும் பள்ளிச் சிறுவர் ஆகியோருக்கு டேப்லெட் பொருத்தம்.

புது மடிக்கணினிக்குப் பணம் போதாதபோது இன்னொரு வழி இருக்கிறது: பெருநிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேடு, லாட்டிடியூட் வகை மடிக்கணினிகள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இவை புதுப்பிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. விண்டோஸ் 11 ஆதரிக்கும் இன்டெல் சில்லுகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குவதால், அதற்கு முந்தையதை விண்டோஸுக்காக வாங்கக் கூடாது. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை இருக்கிறது. அதில் தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவையும் இப்போது நிரம்பும் அளவையும் ஒப்பிட்டால் பேட்டரியின் வயது தெரிந்துவிடும். பழைய நிறுவனத்தின் பயாஸ் கடவுச்சொல் பூட்டு நீக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும். பழைய ஐபேடாக இருந்தால் முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி ரசீதும் எழுத்தில் உத்தரவாதமும் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.

8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் கொண்ட மடிக்கணினி, புதியதோ புதுப்பித்ததோ, பணத்துக்குள் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நல்ல டேப்லெட் ஒன்றை வாங்கிப் படிப்பைத் தொடருங்கள். 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இஎம்எம்சியும் கொண்ட விண்டோஸ் மடிக்கணினியை மட்டும் எந்தத் தள்ளுபடியிலும் வாங்காதீர்கள்.